தொழிலாளர் பிள்ளைகளின் கண்ணைத் திறந்த மரியா மாண்டிசோரி அம்மையார்



பரிசளிப்பு விழா என்றால் மேடை ஏறுகிற பிள்ளைகள் மேல்தான் எல்லார் கண்ணும் இருக்கும். அது நியாயந்தான். பாடுபட்டுப் படித்தவர்களுக்குக் கைதட்டல் வேண்டும். ஆனால் அதே மண்டபத்தில், பின்வரிசையில், அம்மா பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, பரிசு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் நம்ம பிள்ளைதான். அந்தப் பிள்ளையை மக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சொல்வதற்கு முன்னே, அதன் கண்முன் நாம் எதை வைத்தோம், எப்படி வைத்தோம் என்று ஒருதரம் யோசிக்கிறோமா?

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுதும் கேட்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலியில் பிறந்து, போர்க்காலத்தில் சென்னையிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்து, ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளிடமிருந்தே கல்வியின் இரகசியத்தைக் கற்றுக்கொண்டவர். பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் அவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அவர் கதையைத் தெரிந்துகொள்வது நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் நன்மை தரும்.

பிறப்பும் படிப்பும்

1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் மரியா பிறந்தார். தந்தை அரசாங்க அதிகாரி. தாயார் நிறையப் படித்தவர். மகளும் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளை படித்தால் ஆசிரியை ஆகலாம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது என்பது ஊர் வழக்கம். மரியாவோ பதின்மூன்று வயதில் பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். முதலில் எஞ்சினியர் ஆக எண்ணினார். பிறகு டாக்டர் ஆவது என்று முடிவு செய்தார். தந்தைக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை. ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்கு அழகல்ல என்று சொல்லி, எல்லாரும் போன பிறகு தனியாக அந்த அறையில் படிக்க வைத்தார்கள். அவர் சளைக்கவில்லை. 1896-இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் டாக்டர்களில் ஒருவரானார்.

தரையில் கிடந்த ரொட்டித் துண்டு

டாக்டரானதும் அவருக்குக் கிடைத்தது மனநோய் மருத்துவமனை வேலை. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பெரிய நோயாளிகளோடு சேர்த்து அடைத்து வைத்திருந்த காலம் அது. ஓர் இடத்தில், சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் சிந்திய ரொட்டித் துண்டுகளைப் பொறுக்குகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளும் பெண்மணி அருவருப்போடு சொன்னாராம். மாண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு வெறும் சுவர். பார்க்க ஒரு படம் இல்லை, தொட ஒரு பொம்மை இல்லை. அந்தப் பிள்ளைகளின் பசி வயிற்றுப் பசி அல்ல, கையும் கண்ணும் எதையாவது தேடுகிற பசி என்று அவருக்குப் பட்டது.

அன்று முதல் மருந்தை விட்டுக் கல்வியைத் தேடினார். பிரெஞ்சு நாட்டு இத்தார், செகான் என்ற இரு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் பிடித்துப் படித்தார். மரக்கட்டை, துணி, அட்டை கொண்டு தொட்டுப் பார்த்துப் படிக்கும் பொருள்களைச் செய்தார். பகலெல்லாம் பிள்ளைகளோடு இருந்து, இரவெல்லாம் குறிப்பு எழுதினார். ஒன்றுக்கும் உதவாது என்று தள்ளப்பட்டவர்களில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் அரசாங்கத் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரெல்லாம் மெச்சியது. மாண்டிசோரிக்கோ வேறொரு கவலை பிறந்தது. குறையுள்ள பிள்ளையே இவ்வளவு தூரம் வந்தால், குறையில்லாத பிள்ளைகளை எது இத்தனை பின்னால் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது?

இந்தக் காலத்தில்தான் அவர் வாழ்க்கையில் ஒரு பெரும் துயரமும் வந்தது. 1898-இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்க வழியில்லாத நிலைமை. அந்நாளைய ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி, குழந்தையை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்க்க விட்டார். அவ்வப்போது போய்ப் பார்ப்பார், தாய் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பதினைந்து வயதளவில்தான் அந்தப் பிள்ளை அவரிடம் வந்து சேர்ந்தான். பின்னாளில் தாயின் வேலைக்கு வலக்கையாக இருந்தவனும் அவனே.

தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பள்ளி

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த பகுதி. பெற்றோர் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படியில் ஓடி, சுவரில் கிறுக்கிக்கொண்டு திரிவார்கள். கட்டடத்தைப் பழுது பார்த்த கம்பெனிக்கு இது தலைவலி. பிள்ளைகளை ஓர் அறையில் போட்டுப் பார்த்துக்கொண்டால் சுவராவது தப்பும் என்று நினைத்து, மாண்டிசோரியைக் கூப்பிட்டார்கள்.

நம்ம தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொழுது புலரும் முன் பெரட்டுக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் சேலைத் தூளியில் விட்டுவிட்டு, உளியும் வாளியுமாக நிரைக்கு ஓடிய தாய்மார்கள் பேராக்கில் எத்தனை ஆயிரம் பேர்! மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னது. கொட்டகைதான் பள்ளி, கங்காணியோ கிராணியோதான் வாத்தியார் என்று பல தோட்டங்களில் ஆரம்பித்தது நம்ம கல்வி. ரோமாபுரித் தொழிலாளியின் பிள்ளையும் நம்ம பிள்ளையும் ஒரே விதமான வாசலில்தான் நின்றார்கள்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அந்தப் பள்ளி திறந்தது. குழந்தைகளின் வீடு என்று பெயர். ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள். பயந்த முகம், அழுக்குச் சட்டை. சொல்லிக் கொடுக்கக் கிடைத்தவர் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல, அந்தக் கட்டடத்துக் காவலாளியின் மகள். மாண்டிசோரி தாம் செய்த பொருள்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒதுங்கி நின்று பார்த்தார்.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு மரக்கட்டையில் உள்ள குழிகளில் அளவுக்கேற்ற உருளைகளைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைப் பாட வைத்தார். நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசை மேல் வைத்தார். அவளோ தலை நிமிரவில்லை. நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்துவிட்டு, நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவள் போலச் சிரித்தாள். சிறு பிள்ளைக்கு ஒரு நிமிடங்கூட மனம் நிற்காது என்ற பேச்சு அன்றே பொய்த்தது. கண்முன் சரியான பொருள் இருந்தால் மனம் தானாக நிற்கும்.

ஒன்றைக் காட்ட ஒன்றே வேறுபடட்டும்

அவர் செய்த பொருள்களில் என்ன விசேஷம்? இங்கேதான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பத்து மரக்கட்டைகள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் கோபுரம். மிகச் சிறியது ஒரு செண்டிமீட்டர், மிகப் பெரியது பத்து செண்டிமீட்டர். பத்தும் ஒரே வடிவம், ஒரே இளஞ்சிவப்பு நிறம். பூ இல்லை, பொம்மை இல்லை. ஏன்? பிள்ளை பார்க்க வேண்டியது பெரிது சிறிது என்ற ஒன்றை மட்டுந்தான். கட்டைக்கு ஒரு நிறம் என்று பூசிவிட்டால் கண் நிறத்தின் பின்னால் ஓடிவிடும். நிறம் கற்பிக்க வேண்டுமா? அதற்கு வேறு பலகைகள். அவை எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம், நிறம் மட்டும் மாறும். எதைக் கற்பிக்கிறோமோ அது மட்டும் வேறுபட வேண்டும், மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதுதான் அவர் கண்ட விதி.

கணக்குக்குப் பத்துக் கோல்கள். பத்து செண்டிமீட்டரில் தொடங்கி ஒரு மீட்டர் வரை. ஒவ்வொரு பத்து செண்டிமீட்டருக்கும் சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வரும். இங்கே நிறம் அழகுக்கு வரவில்லை, எண்ணிக்கையைக் காட்டும் வேலைக்கு வந்திருக்கிறது. அதே போல, தவறை வாத்தியார் சொல்ல வேண்டியதில்லை. உருளையை மாற்றிப் போட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சி நிற்கும். பிள்ளையே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். அடி இல்லை, அவமானம் இல்லை.

அலமாரி பிள்ளையின் கைக்கு எட்டும் உயரம். மேசை நாற்காலி பிள்ளை தூக்கும் கனம். பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். பாடம் சொல்லும்போது ஆசிரியர் பேச்சும் சுருக்கமாக இருக்க வேண்டும், வேண்டாத சொல் ஒன்றும் வரக்கூடாது என்றார்.

எழுத்து வந்த கதை

எழுத்துக் கற்பிக்க முதலில் அவர் நினைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள்தான் வந்து கேட்டார்கள், எங்க பிள்ளைங்களுக்காவது சொல்லிக் கொடுங்கள் என்று. அவர் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி வழுவழுப்பான அட்டையில் ஒட்டினார். உயிரெழுத்துக்கு ஒரு நிறம், மெய்யெழுத்துக்கு வேறு நிறம். பிள்ளை எழுத்தின் மேல் விரலை ஓட்டும், ஒலியைச் சொல்லும். விரல் பாதை விட்டு விலகினால் சொரசொரப்பு நின்றுவிடும், விரலுக்கே தெரிந்துவிடும். சில மாதங்களில், சுண்ணக்கட்டியால் புகைப்போக்கி வரைந்துகொண்டிருந்த ஒரு சிறுவன் திடீரென்று சொற்களை எழுத ஆரம்பித்தான். அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் தரையெல்லாம் எழுதினார்கள். நான்கு, ஐந்து வயதுக் கூலிக்காரர் பிள்ளைகள்! உலகம் திரும்பிப் பார்த்தது.

புகழும் அலைச்சலும்

1909-இல் அவருடைய முறையை விளக்கும் நூல் வந்தது. பல நாட்டு ஆசிரியர்கள் ரோமாபுரிக்கு வந்து பயின்றார்கள். 1915-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை அமைத்து, பிள்ளைகள் படிப்பதை மக்கள் வெளியிலிருந்து பார்க்கச் செய்தார். 1931-இல் மகாத்மா காந்தி இலண்டனில் அவரைச் சந்தித்தார்.

இத்தாலியில் முசோலினி ஆட்சி முதலில் அவர் பள்ளிகளை ஆதரித்தது, அவரும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். ஆனால் பிள்ளைகளை ஆட்சிக்குச் சிப்பாய்களாக வளர்க்கும் போக்குக்கு அவர் முறை ஒத்துவரவில்லை. 1934-இல் பள்ளிகள் மூடப்பட்டன, அவர் நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயினுக்குப் போனார். 1936-இல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. ஹாலந்துக்குப் போனார். வயது அறுபத்தாறு. கட்டியதெல்லாம் இடிந்தாலும் மறுபடி ஆரம்பித்தார்.

தமிழ் மண்ணில்

1939-இல் சென்னை அடையாற்றிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர்கள் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்திரத்தை நிறுவிய அவர் மனைவி ருக்மிணி தேவியும். நவம்பர் மாதம் மகன் மரியோவோடு வந்து சேர்ந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ முந்நூறு பேர் பயிற்சிக்குக் கூடினார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார், மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு இத்தாலியர் எல்லாரும் எதிரிகள். மரியோவை அகமதுநகர் முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். அம்மையார் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு. சிறு வயதில் பிரிந்திருந்த மகனை முதுமையில் மறுபடி பிரிய வேண்டி வந்தது. ஆகஸ்டு 31, அவருக்கு எழுபது நிறைந்த நாள். வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாகச் செய்தி. அதுநாள்வரை வளர்ப்புப் பிள்ளை என்று ஊர் அறிந்தவனை, அந்தத் தந்தி மகன் என்றே சொன்னது.

பிறகு கொடைக்கானல் மலையில் சில ஆண்டுகள். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். ஒரே கொட்டகையில் பல வகுப்பு நடத்திய நம்ம தோட்டத்து வாத்தியார்களுக்கு இது பழகிய சங்கதி. இலை, பூ, மண், விலங்கு என்று மலையில் கிடைத்ததெல்லாம் பாடப் பொருளாயிற்று. 1944-இல் இலங்கைக்கும் போய்ப் பயிற்சி கொடுத்தார். போர் முடிந்து ஐரோப்பா போனவர், 1947-இல் மறுபடி இந்தியா வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இங்கே அவரிடம் பயின்றார்கள். 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்தில், எண்பத்தோராம் வயதில் கண்மூடினார். 1990-இல் இத்தாலி தன் ஆயிரம் லீரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது.

என் தவறும் நம் பாடமும்

இந்தக் கதையை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? ஒரு கடனை அடைக்கத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தோட்டப் பள்ளியில் முதலாம் வகுப்பு எடுத்தேன். இரவெல்லாம் விழித்து, மணிலா அட்டையில் எழுத்து அட்டைகள் செய்தேன். கி என்ற எழுத்துக்குப் பச்சைக் கிளி, சுற்றிலும் பூங்கொடி, ஓரமெல்லாம் மினுமினுப்பு. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பால்மரம் வெட்டுகிற ஒருவரின் மகன் அட்டையைக் காட்டியதும் முந்திக்கொண்டு கிளி என்று கத்துவான். நானும் மகிழ்ந்துபோவேன். தேர்வுத் தாளில் வெறும் கி வந்தபோது பேசாமல் இருந்தான். அவன் படித்தது என் படத்தை, எழுத்தை அல்ல. எனக்கு அது விளங்கவில்லை. பின்தங்கியவன் என்று எழுதிவிட்டேன். அந்தப் பெயர் வகுப்புக்கு வகுப்பு அவன் கூடவே போனது. பாதியில் படிப்பை விட்டான்.

சில ஆண்டுக்கு முன், அவன் ஈப்போவில் லோரி ஓட்டுபவனாக, மகளைப் பள்ளியில் சேர்க்க வந்தான். பாரத்தை என் பக்கம் தள்ளி, சார் நீங்களே எழுதிடுங்க என்றான். எழுதிக் கொடுத்தேன். என் கை நடுங்கியதை அவன் பார்த்தானோ என்னவோ.

இன்று தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. தோட்டப் பள்ளிகள் சில பட்டணத்துப் பக்கம் வந்துவிட்டன. கரும்பலகை போய்க் கணினியும் திரையும் வந்திருக்கின்றன. ஆனால் என் கிளி அட்டை இன்னும் போகவில்லை. திரையிலே பறக்கிறது, ஆடுகிறது, பாட்டும் பாடுகிறது. ஆகவே, அம்மையார் வாழ்க்கையிலிருந்து நான் பிந்திக் கற்றதைச் சக ஆசிரியர்களுக்கும், ஒப்படைப்புக்குப் படம் செய்யும் மாணவர்களுக்கும், வீட்டில் சொல்லிக் கொடுக்கும் பெற்றோருக்கும் சொல்கிறேன்.

ஓர் அட்டையில், ஒரு திரையில், ஒரு செய்தி போதும். ல, ள, ழ மூன்றையும் வேறுபடுத்த வேண்டுமா? மூன்றும் ஒரே அளவு, ஒரே மை. வளைவு எங்கே மாறுகிறதோ அதை மட்டும் கண் பிடிக்கட்டும்.

நிறத்துக்கு வேலை கொடுங்கள். க கறுப்பில், அதன் மேல் வரும் கொம்பும் சுழியும் சிவப்பில் இருந்தால், இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்யும் மனப்பாடச் சுமையாக இராது. பால்மரப் பட்டையின் படம் போட்டால், பால் ஓடும் அடுக்கை மட்டும் நிறம் காட்டுங்கள். உளி எதுவரை போகலாம், எங்கே போனால் மரம் காயப்படும் என்று வெட்டுக்காரர் கைக்குத் தெரிந்தது, பிள்ளை கண்ணுக்கும் தெரியும்.

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து படிக்க முடியாத எழுத்து பலகையில் இருந்தும் இல்லாததுதான். வெளிர் மஞ்சள் எழுத்தை வெள்ளைத் திரையில் போடாதீர்கள்.

காலி இடத்தைக் கண்டு பயப்படாதீர்கள். நிரைக்கு நிரை இடைவெளி விட்டுத்தானே மரம் நட்டோம்? நெருக்கி நட்டால் எதுவும் தேறாது.

கடைசியாக, கண்ணோடு கையும் படிக்கட்டும். ரப்பர் கொட்டையோ ஐஸ்கிரீம் குச்சியோ, பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தால் பத்தும் நூறும் கைக்குள் வந்துவிடும். இதற்குக் காசு தேவையில்லை. ஒரு தாள் உப்புத்தாளும் கத்தரிக்கோலும் இருந்தால், இன்று இரவே வீட்டில் அ, ஆ செய்யலாம்.

அந்த லோரிக்காரர் மகளுக்கு நான் செய்து கொடுத்த அட்டைகளில் கிளி இல்லை, பூ இல்லை. வெள்ளை அட்டையில் எழுத்து மட்டும். இன்றைய பரிசுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஆனால் போன மாதம் கடைத்தெருவில் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக அப்பாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டே போனாளாம். அவரே வந்து சொன்னார்.

பரிசு பெறும் செல்வங்களுக்கு வாழ்த்துகள். பெறாத செல்வங்களுக்கும் அதே வாழ்த்துகள். உங்கள் முன் சரியானதைச் சரியாக வைக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!